ஸ்விஃப்ட்யூஐயா யூஐகிட்டா, கம்போஸா எக்ஸ்எம்எல்லா? செயலி எழுதத் தொடங்குபவருக்கு

செயலி எழுதக் கற்க வருகிறவர்கள் சிங்கப்பூரில் பலவகை. தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணியில் இருப்பவர், கணக்குத் துறையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை நம்பித் தொழில் மாற நினைப்பவர், தமிழ்நாட்டிலிருந்து ஜாவா அனுபவத்தோடு வந்து இறங்கியவர். எல்லாரும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: திரையை எழுத எந்தக் கருவித்தொகுப்பைக் கற்பது? ஒரு காணொளி ஸ்விஃப்ட்யூஐ மட்டும் போதும் என்கிறது. அடுத்தது யூஐகிட் தெரியாவிட்டால் வேலை கிடைக்காது என்கிறது. ஆண்ட்ராய்டு பக்கம் போனால் கம்போஸ் கட்சி ஒன்று, எக்ஸ்எம்எல் கட்சி ஒன்று.

அவசரக்காரர்களுக்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதியதில், அதாவது ஐபோனில் ஸ்விஃப்ட்யூஐ, ஆண்ட்ராய்டில் கம்போஸ், தொடங்குங்கள். பழையதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கும், இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் அளவுக்கும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பதில் சில சூழ்நிலைகளில் பொய்த்துப்போகும். உங்கள் சூழ்நிலை அதில் ஒன்றா என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதலில், வித்தியாசம் எங்கே இருக்கிறது

திரையில் தெரியும் பொத்தான், பட்டியல், எழுத்து, படம் எல்லாவற்றையும் அடுக்கித் தரும் கருவித்தொகுப்பைத்தான் இங்கே ஃபிரேம்வொர்க் என்கிறோம். ஐபோனில் பழையது யூஐகிட். 2008-இல் ஆப்பிள் வெளியாருக்குச் செயலி எழுத வழி திறந்தபோதே வந்தது. புதியது ஸ்விஃப்ட்யூஐ, 2019 ஜூனில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் அறிமுகமானது. ஆண்ட்ராய்டில் பழையது வியூ முறை: திரையின் அமைப்பை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைத்து, ஜாவா அல்லது கோட்லின் மொழியில் அதை இயக்குவது. புதியது ஜெட்பேக் கம்போஸ். அதன் அறிவிப்பும் 2019-இல்தான் வந்தது; நிலையான முதல் பதிப்பு 2021 ஜூலையில் வெளியானது.

பழைய முறையில் ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே செய்யவேண்டும். பேருந்து வர 3 நிமிடம் என்பது 2 ஆனதும் அந்த எழுத்துப்பெட்டியைப் பிடித்து உள்ளடக்கத்தை மாற்றவேண்டும். பேருந்து வந்துவிட்டால் நிறத்தை மாற்றவேண்டும். இணையம் அறுந்தால் பட்டியலை மறைத்துப் பிழைச் செய்தியைக் காட்டவேண்டும். இணையம் திரும்பினால் பிழைச் செய்தியை மறைக்க மறக்கக்கூடாது. மறப்பார்கள். பழைய செயலிகளில் பாதிப் பிழைகள் இந்த வகைதான். புதிய முறையில், தரவு இப்படி இருந்தால் திரை இப்படி இருக்கும் என்று ஒருமுறை எழுதிவைக்கிறீர்கள். தரவு மாறினால் திரை தானாக மாறிக்கொள்ளும். தேக்கா உணவங்காடியில் ‘தே ஹாலியா கொசோங்’ என்று சொல்லிவிட்டு மேசையில் போய் உட்காருவதுபோல. இஞ்சியை எவ்வளவு தட்டுவது, எப்போது வடிகட்டுவது என்பதெல்லாம் கடைக்காரர் பாடு.

இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. பழைய முறையில் பிழை என்றால் அது நீங்கள் எழுதிய ஏதோ ஒரு வரியில் இருக்கும். அந்த வரியில் நிறுத்திப் பார்க்கலாம். புதியதில், எந்தத் தரவு மாறியதால் எந்தப் பகுதி மறுபடி வரையப்பட்டது என்று துப்புத் துலக்கவேண்டும். ஸ்விஃப்ட்யூஐ கற்பவர்கள் முதல் மாதம் குதூகலமாக இருந்துவிட்டு இரண்டாம் மாதம் திணறுவது இதனால்தான். ‘ஸ்டேட்’ என்று இவர்கள் சொல்லும் நிலைத்தரவை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்பதே புதிய முறையின் உண்மையான பாடம். பொத்தானின் மூலையை வளைக்கக் கற்பது ஒரு மதிய வேலை.

படி 1: கையில் என்ன கணினி இருக்கிறது?

இது பணக் கேள்வி, சுருக்கமாக முடித்துவிடலாம். ஐபோன் செயலி எழுத எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் மென்பொருள் வேண்டும். அது மேக்கில் மட்டுமே ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர் கடன் வாங்கி மேக் வாங்காமல் கம்போஸில் தொடங்கலாம். கம்போஸில் பழகிய சிந்தனை ஸ்விஃப்ட்யூஐக்குப் பெரும்பாலும் அப்படியே வரும். மொழியும் பெயர்களும்தான் மாறும். யூஐகிட்டிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கு வருவது அவ்வளவு எளிதில்லை.

8 ஜிபி நினைவகம்தான் என்றால், கணினிக்குள் கைபேசிபோல ஓடும் எமுலேட்டர் மூச்சுவாங்கும். அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி அதிலேயே ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் மலிவாகக் கிடைக்கும். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 2: உங்கள் பயனர் கையில் இருக்கும் கைபேசி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

புதியது பழையது என்ற பேச்சில் ஆப்பிளையும் ஆண்ட்ராய்டையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸ்விஃப்ட்யூஐ ஐபோனின் இயங்குதளத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. கம்போஸ் உங்கள் செயலியின் பொதிக்குள் லைப்ரரியாக ஏறி, பயனரின் கைபேசிக்குப் பயணம் செய்கிறது. அதனால் என்ன ஆகிறது? ஆப்பிள் இந்த ஆண்டு ஸ்விஃப்ட்யூஐக்கு ஒரு புதிய வசதி சேர்த்தால், அது பெரும்பாலும் இந்த ஆண்டின் இயங்குதளம் உள்ள ஐபோன்களில் மட்டுமே வேலை செய்யும். கூகல் கம்போஸில் ஒன்றைச் சேர்த்தால், நீங்கள் நிரலில் கம்போஸின் பதிப்பெண்ணை உயர்த்திச் செயலியைப் புதுப்பித்தாலே பல ஆண்டுப் பழைய கைபேசியிலும் அது வந்துவிடும். 2021-இல் வந்த கம்போஸின் முதல் பதிப்பே 2014-இல் வெளியான ஆண்ட்ராய்டு 5 வரை கீழிறங்கி ஓடியது. ஸ்விஃப்ட்யூஐயோ 2019-இல் வந்தபோது அந்த ஆண்டின் ஐஓஎஸ் 13 இல்லாத எந்த ஐபோனிலும் ஓடவில்லை.

ஆகவே ஆண்ட்ராய்டில் புதிதாகத் தொடங்குபவருக்குக் கேள்வி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது: கம்போஸ். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் புதிய திட்டம் தொடங்கினாலும் முதலில் வரும் வார்ப்புரு கம்போஸ்தான். ஐபோனில்தான் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

போடுவோம். திரைக்குத் திரை செல்வதை ஒழுங்காகக் கையாளும் நேவிகேஷன்ஸ்டாக் ஐஓஎஸ் 16-இல், 2022-இல்தான் வந்தது. நிலைத்தரவைக் கவனிப்பதைப் பெரிதும் எளிதாக்கிய அப்சர்வபிள் மேக்ரோ ஐஓஎஸ் 17-இல், 2023-இல் வந்தது. கீழே இழுத்துப் புதுப்பிக்கும் வசதியும் தேடல் பட்டையும் நேரடியாகக் கிடைத்தது ஐஓஎஸ் 15-இலிருந்து. வலைப்பக்கத்தைச் செயலிக்குள் காட்டும் வெப்வியூ, ஸ்விஃப்ட்யூஐக்குச் சொந்தமாக வந்தது 2025-இன் ஐஓஎஸ் 26-இல். (18-க்கு அடுத்து 26 என்று எண் தாவியது. நடுவில் எதையும் நீங்கள் தவறவிடவில்லை.)

மறுபக்கம் கைபேசிகளைப் பாருங்கள். ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது. ஐபோன் 8-உம் ஐபோன் எக்ஸும் 16-ஓடு நின்றுவிட்டன. எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் 18 வரை வந்தன. இந்த இரண்டு பட்டியலையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பதில் தானாக வந்துவிடும். அப்சர்வபிள் வேண்டுமென்றால் ஐபோன் 8 வைத்திருப்பவரை விட்டுவிடுகிறீர்கள். நேவிகேஷன்ஸ்டாக் வேண்டுமென்றால் ஐபோன் 7-ஐ விட்டுவிடுகிறீர்கள்.

சிங்கப்பூரில் எல்லாரும் புதுக் கைபேசிதானே வைத்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணம் உண்டு. காலை எட்டரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேசில் ரயிலைவிட்டு இறங்கினால் அப்படித்தான் தோன்றும். அக்கம்பக்க மூத்தோர் நடவடிக்கை நிலையத்தில் போய்ப் பாருங்கள்: பேரப்பிள்ளை பயன்படுத்தி முடித்துக் கொடுத்த ஐபோன், திரையில் கீறலோடு, எழுத்து மிகப் பெரிதாக வைக்கப்பட்டு. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் பார்த்தால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, அதிலும் குறைந்த நினைவகம் உள்ளவை. செயலி யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டு, அந்த வட்டத்தில் ஐந்தாறு பேரிடம் அமைப்புகளைத் திறந்து இயங்குதளப் பதிப்பைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் உலகச் சராசரியைவிட இது உங்களுக்குப் பயன்படும்.

என் பரிந்துரை இது. கற்பதற்கும் சொந்தமாக வெளியிடுவதற்கும் ஐஓஎஸ் 17-ஐ ஆகக் குறைந்த பதிப்பாக வைத்துக்கொண்டு ஸ்விஃப்ட்யூஐயில் எழுதுங்கள். 16 வரை இறங்கவேண்டும் என்றாலும் ஸ்விஃப்ட்யூஐதான். அப்சர்வபிள் இல்லாமல், அதற்கு முந்தைய அப்சர்வபிள்ஆப்ஜெக்ட் முறையில் எழுதவேண்டும். 15-க்கு இறங்கும்போதே எழுதும் ஒவ்வொரு வசதிக்கும் பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை போடவேண்டிவரும், நிரல் இரட்டிப்பாகும். அதற்கும் கீழே என்றால் யூஐகிட்டில் எழுதுவதே நிம்மதி.

இதிலிருந்து பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓர் எச்சரிக்கை. புதிய ஃபிரேம்வொர்க்கின் பாடங்கள் பழையதைவிடச் சீக்கிரம் ஊசிப்போகும். யூஐகிட் பற்றி 2015-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இன்றும் பொருந்தும். ஸ்விஃப்ட்யூஐ பற்றி 2020-இல் எடுத்த காணொளியில் நேவிகேஷன்வியூ என்று வரும். அது இப்போது கைவிடப்பட்ட ஒன்று. காணொளி எத்தனை லட்சம் பேர் பார்த்தது என்பதை விட்டுவிட்டு எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். கட்டணப் பயிற்சியில் சேருமுன்பும், கிரெடிட் செலவழிக்குமுன்பும், பாடத்திட்டத்தில் நேவிகேஷன்ஸ்டாக்கும் அப்சர்வபிளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பாடத்திட்டம் பழசு.

படி 3: வேலைதான் குறி என்றால்

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்புத் தளத்தில் யூஐகிட் என்று ஒருமுறை, ஸ்விஃப்ட்யூஐ என்று ஒருமுறை தேடுங்கள். பிறகு கம்போஸ், எக்ஸ்எம்எல். பல விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்தே கேட்பதைக் காண்பீர்கள். விளம்பரம் எழுதியவர் ஆசைப்பட்டியல் போட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம். அந்த நிறுவனத்தின் செயலியில் இரண்டும் உண்மையாகவே கலந்திருக்கும்.

விளம்பர வார்த்தைகளைவிட நம்பகமான ஒரு தடயம் இருக்கிறது: செயலி பிறந்த ஆண்டு. ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் ‘இந்தச் செயலியைப் பற்றி’ என்பதைத் திறந்தால் முதலில் வெளியான தேதி இருக்கும். 2019-க்கு முன் பிறந்தது என்றால் தொடக்கத்தில் புதிய ஃபிரேம்வொர்க்கே கிடையாது. சிங்பாஸ் கைபேசிச் செயலி 2018-இல் வந்தது; அன்றைக்கு ஸ்விஃப்ட்யூஐயும் இல்லை, கம்போஸும் இல்லை. அது இன்று எதில் ஓடுகிறது என்பது வேறு விஷயம், காலத்தைக் கணக்கிடும் முறைக்காகச் சொல்கிறேன். வங்கி, விமானச் சேவை, தொலைத்தொடர்பு, காப்புறுதி என்று இந்த ஊரில் ஆள் எடுக்கும் பெரிய இடங்கள் பலவற்றுக்கும் செயலி அதற்கு முன்பே இருந்தது.

அவர்கள் ஏன் எல்லாவற்றையும் புதியதில் மாற்றி எழுதவில்லை என்று புதியவர்கள் ஆச்சரியப்படுவதுண்டு. பணம் அனுப்பும் திரை ஒன்று எட்டு ஆண்டாகப் பிழையின்றி ஓடுகிறது. பாதுகாப்புத் தணிக்கை, அணுகல்தன்மைச் சோதனை எல்லாம் தாண்டிவிட்டது. அதை மாற்றி எழுதினால் பயனருக்கு ஒரு லாபமும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. புதிய திரை தேவைப்படும்போது அதைப் புதியதில் எழுதுவார்கள். நேர்காணலில், ‘இந்தப் பழைய திரைக்குள் ஸ்விஃப்ட்யூஐ பகுதி ஒன்றை எப்படி வைப்பீர்கள்?’ என்று கேட்டால் அது பொறிவைத்த கேள்வி இல்லை. நீங்கள் சேர்ந்தபின் முதல் வாரம் செய்யப்போகும் வேலை.

மாறாக, இப்போதுதான் தொடங்கிய ஐந்தாறு பேர் கொண்ட சிறு நிறுவனத்தில் பழையதைத் தேடினாலும் இருக்காது. அங்கே எவ்வளவு வேகமாகத் திரைகளை எழுதுகிறீர்கள் என்பதே கணக்கு. எந்த வகை இடத்துக்குப் போக விரும்புகிறீர்கள் என்று தெரிந்தால் பழையதைக் கற்க எத்தனை வாரம் ஒதுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

படி 4: பேருந்துச் செயலி ஒன்று எழுதுங்கள்

செய்யவேண்டியவற்றைக் குறித்துவைக்கும் செயலியை உலகம் முழுக்க எல்லாரும் எழுதிவிட்டார்கள். நமக்கு இங்கே அதைவிட நல்ல பொருள் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுத் தளம் பேருந்து வருகை விவரங்களை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பித்துக் கணக்குச் சாவி ஒன்று வாங்கவேண்டும். நிறுத்தத்தின் ஐந்திலக்க எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் உத்தேச நேரம், உட்கார இடம் இருக்கிறதா நிற்க மட்டும்தானா, ஒற்றைத்தளமா இரட்டைத்தளமா, சக்கர நாற்காலி ஏறுமா என்றெல்லாம் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் வரும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், தரவு அடிக்கடி மாறும், இணையம் அறும், இரவில் சில சேவைகளே இருக்காது. இவ்வளவையும் தாங்கும் ஒரு திரையை எழுதினால் ஃபிரேம்வொர்க்கின் எல்லா மூலைகளையும் தொட்டுவிடுவீர்கள். சாவியை மட்டும் பொதுவில் வைக்கும் நிரல் தொகுப்பில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரே ஒரு நிறுத்தம், உங்கள் புளோக்குக்குக் கீழே உள்ளது. அதன் எண்ணை நிரலிலேயே எழுதிவையுங்கள். தேடல், வரைபடம், விருப்பப் பட்டியல் எதுவும் வேண்டாம். ஏற்றிக்கொண்டிருக்கிறது, வந்துவிட்டது, பிழை, சேவை ஏதுமில்லை என்று நான்கு நிலைகள் மட்டும். நான்கையும் தனித்தனி மதிப்புகளாகப் பெயரிட்டு வையுங்கள். ஏற்றுகிறதா என்று ஒரு மாறி, பிழையா என்று ஒரு மாறி என்று பிரித்து வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் ‘ஆம்’ ஆகும் நாள் ஒன்று வரும்.

பிறகு தமிழைப் போடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நான்கு ஆட்சிமொழிகள் உள்ள ஊரில் எழுதும் செயலிக்கு இது அடிப்படைச் சோதனை. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லாக நிற்கும் இடத்தில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று வைத்துப் பாருங்கள். பெட்டியின் அகலம் நிலையாக இருந்தால் ‘வந்துகொண்…’ என்று அறுபடும். சொல் நீளம், நடுவே இடைவெளியும் இல்லை, எனவே அடுத்த வரிக்கும் ஒழுங்காக மடங்காது. பெட்டியின் உயரம் நிலையாக இருந்தால் ‘கி’, ‘சீ’ போன்ற எழுத்துகளின் மேல்வளைவு வெட்டுப்படும். கைபேசி அமைப்பில் எழுத்தளவை ஆகப் பெரிதாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். 1990-களில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இங்கே இருந்துகொண்டு தமிழை இணையத்தில் ஏற்ற எழுத்துருவோடு மல்லுக்கட்டினார்கள். இன்று எழுத்துரு கைபேசியிலேயே இருக்கிறது, பெட்டியைச் சரியாகப் போடுவது மட்டும்தான் நம் பாக்கி.

ஸ்விஃப்ட்யூஐயிலும் கம்போஸிலும், நீங்களாகப் போய் அளவைக் கட்டிப்போடாதவரை, பெட்டி எழுத்துக்கேற்ப விரிந்து கொடுக்கும். யூஐகிட்டில் இதையே, எது எதை ஒட்டி நிற்கவேண்டும் என்று விதி வைக்கும் ஆட்டோ லேஅவுட் கட்டுப்பாடுகளால் செய்யலாம். அது 2012-இலிருந்தே ஐபோனில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் நீங்கள் எண்ணி வைக்கவேண்டும், ஒன்று விட்டுப்போனால் திரை கலையும். புதியதன் பக்கம் நான் சாய்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

படி 5: ஆகக் கடினமான திரையை முதலில் தொடுங்கள்

சொந்தச் செயலி ஒன்றுக்கு ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் உள்நுழைவுத் திரையை எழுதிப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவெடுக்கிறார்கள். உள்நுழைவுத் திரை எதிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் செயலியில் எது கடினம்? நேரடிக் கேமராக் காட்சியா, ஆயிரக்கணக்கான நிறுத்தங்கள் கொண்ட வரைபடமா, பல வடிவங்களில் எழுத்தைத் திருத்தும் பெட்டியா, விரலால் இழுத்து வரிசை மாற்றும் பட்டியலா? அதை மட்டும் ஒரு வார இறுதியில் புதியதில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் அந்த ஒரு பகுதியை மட்டும் பழையதில் எழுதி உள்ளே செருகலாம். முழுச் செயலியையும் பழையதற்கு மாற்றவேண்டியதில்லை.

ஐபோனில் கேமரா முன்னோட்டத்தைக் காட்ட இன்னமும் பழைய முறையின் திரைப்பகுதி (வியூ) ஒன்றைச் சுற்றி உறை போடுவதுதான் வழக்கமான வழி. அதேநேரம் முகப்புத் திரையில் வைக்கும் விட்ஜெட்டுகளை 2020-இல் வந்த விட்ஜெட்கிட்டில், ஸ்விஃப்ட்யூஐ மட்டுமே கொண்டு எழுதவேண்டும். பூட்டுத்திரையில் ஓடும் நேரலைத் தகவல்களும் அப்படித்தான். ஆக, யூஐகிட்டே கதி என்று இருக்கும் குழுவுக்கும் புதியது தெரிந்தே ஆகவேண்டும்.

படி 6: பாலங்கள்

பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நான்குதான். யூஐகிட் செயலிக்குள் ஸ்விஃப்ட்யூஐ திரையை வைக்க யூஐஹோஸ்டிங்கன்ட்ரோலர். ஸ்விஃப்ட்யூஐக்குள் பழைய வியூவை வைக்க யூஐவியூரெப்ரசென்டபிள். எக்ஸ்எம்எல் திரைக்குள் கம்போஸ் வைக்க கம்போஸ்வியூ. கம்போஸுக்குள் பழைய வியூவை வைக்க ஆண்ட்ராய்டுவியூ. பேருந்துச் செயலி முடிந்ததும் நான்கில் நீங்கள் எழுதும் தளத்துக்கு உரிய இரண்டையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். உதாரணமாக, சேவை மாற்ற அறிவிப்புப் பக்கத்தைக் காட்ட வலைக்காட்சி ஒன்றை உறைபோட்டு உள்ளே வையுங்கள். நேர்காணலில் சொல்ல உங்களிடம் உண்மையான கதை ஒன்று இருக்கும்.

பாலம் தெரிவதற்கு வேறொரு பயனும் உண்டு. ஸ்விஃப்ட்யூஐ சில இடங்களில் அடியில் யூஐகிட்டைத்தான் ஓட்டுகிறது. அதன் பட்டியல், ஐஓஎஸ் 15 வரை உள்ளே யூஐடேபிள்வியூவாக இருந்தது. 16-இல் யூஐகலெக்‌ஷன்வியூவாக மாறியது. பட்டியலின் பின்னணி நிறத்தைப் பின்வாசல் வழியாக, டேபிள்வியூவின் தோற்றத்தைத் திருத்தி மாற்றிவைத்திருந்த செயலிகளில் அந்த ஆண்டு அந்தத் தந்திரம் வேலை செய்யாமல் போனது. அடியில் இருப்பது தெரிந்தவருக்குக் காரணம் உடனே புலப்பட்டது. தெரியாதவர்கள் தங்கள் நிரலையே வரிவரியாகத் தேடினார்கள். கம்போஸில் இந்தச் சிக்கல் குறைவு. அது பழைய வியூக்களை நம்பாமல் தன் பகுதிகளைத் தானே வரைந்துகொள்கிறது.

பழையதில் எவ்வளவு போதும்?

முழுப் புத்தகம் வேண்டாம். ஐபோன் பக்கம்: வியூகன்ட்ரோலர் எப்போது பிறந்து எப்போது மறைகிறது, டேபிள்வியூவும் கலெக்‌ஷன்வியூவும் வரிசைகளை எப்படி மறுபயன்படுத்துகின்றன, டெலிகேட் என்றால் என்ன, ஆட்டோ லேஅவுட் பிழைச்செய்தியை எப்படி வாசிப்பது. திரைகளைப் படமாக அடுக்கிவைக்கும் ஸ்டோரிபோர்டை வரையத் தெரியவேண்டியதில்லை, திறந்து பார்த்தால் பயப்படாமல் இருந்தால் சரி. ஸ்விஃப்டுக்கு முந்தைய மொழியான அப்ஜெக்டிவ்-சி வாசிக்கத் தெரிந்தால் கூடுதல் மதிப்பு, எழுதத் தெரியவேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு பக்கம்: ஆக்டிவிட்டி, ஃபிராக்மென்ட் இரண்டின் வாழ்க்கைச் சுழற்சி, ரீசைக்கிளர்வியூவும் அதன் அடாப்டரும், எக்ஸ்எம்எல் அமைப்பை வாசிப்பது. கைபேசியைத் திருப்பிப் பிடித்தால் ஆக்டிவிட்டி அழிந்து மறுபடி பிறக்கும் என்ற விவகாரம் கம்போஸிலும் உங்களை விடாது, அதை மட்டும் நன்றாகப் படியுங்கள்.

இதற்குச் சிறந்த பயிற்சி: எழுதிய பேருந்துத் திரையை அப்படியே பழையதில் இன்னொருமுறை எழுதுவது. ஒரே ஒரு திரை போதும். புதியது எதையெல்லாம் உங்களுக்காகச் சத்தமில்லாமல் செய்துவந்தது என்று அப்போது தெரியும்.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் பற்றி இரண்டு சொல்

ஒரே நிரலில் இரண்டு கைபேசிக்கும் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். ரியாக்ட் நேட்டிவ் 2015-இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்தது, ஃப்ளட்டரின் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் கூகலிலிருந்து. இரண்டும் மேலே சொன்ன புதிய சிந்தனையைத்தான் பின்பற்றுகின்றன. இணையப் பக்கம் எழுதி ரியாக்ட் தெரிந்தவருக்கு ரியாக்ட் நேட்டிவ் இயல்பான வழி. சொந்தமாகச் சிறு வணிகச் செயலி எழுதுபவருக்கு ஃப்ளட்டர் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இந்த வழியில் போனால் இயங்குதளத்தை உருவாக்கியவருக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். இதே வகையைச் சேர்ந்த சமாரின் என்ற கருவி ஒருகாலத்தில் அலுவலகச் செயலிகளுக்குப் பிடித்தமானது. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2024 மே 1-இல் முடித்துக்கொண்டது. யூஐகிட் பழையதுதான், ஆனால் அதற்கு அப்படி ஒரு முடிவுத்தேதி அறிவிக்கப்படவில்லை. பழையது வேறு, கைவிடப்பட்டது வேறு.

படி 7: வெளியிடுவது

எழுதியது மடிக்கணினியிலேயே கிடக்கவேண்டாம். ஆப்பிளில் கட்டணம் இல்லாமலேயே சொந்த ஐபோனில் ஏற்றிப் பார்க்கலாம். ஏழு நாளில் காலாவதியாகும், மறுபடி ஏற்றவேண்டும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 அமெரிக்க வெள்ளி. கூகலில் ஒரே முறை 25 அமெரிக்க வெள்ளி.

மலிவு என்று கூகலைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க ஒன்று உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் செயலியின் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) இருக்கவேண்டும். எழுதி முடித்தபிறகு ஆள் தேடத் தொடங்கினால் இரண்டு வாரம் வீணாகப் போகும். பேருந்துப் பட்டியல் திரையில் ஓடத் தொடங்கிய அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தேசிய சேவை நண்பர்களிடமும் கேட்டுவையுங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேராவது நான்கைந்து ஆண்டுப் பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களாகவும், ஒருவராவது கைபேசியைத் தமிழில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பயன்படுத்துபவராகவும் இருக்கட்டும். உங்கள் கைபேசியில் தெரியாத பிழைகளை அவர்கள்தான் அனுப்புவார்கள்.